மூன்றாவது கைக்கு உள்ள தரகு

பெயர்: வெங்கிடேஸ்வரன். தகப்பனார் பெயர்: அனந்தநாராயணன். வயது: ஐம்பத்து நான்கு. தொழில்: மிளகுத் தரகு. இருப்பிடம்: மட்டாஞ்சேரி, கூவப்பாடம், குளத்துக்குத் தெற்கே உள்ள வரிசை வீடுகளில் கடைசி வீடு. தற்போது இருப்பது: சப் ஜெயில், விசாரணைக் கைதி, முதல் எதிரி. 1976 ஜூலை 21, புதன்கிழமை, மாஜிஸ்திரேட் முன்பாக, யாருடைய வற்புறுத்தலும் இன்றித் தமிழில் சொல்வது:

இந்த ஜூலை மாதம் முதல் வாரத்தில், நான் தோளில் போடும் துண்டை மாற்றுவது என்று தீர்மானித்தேன். இத்தீர்மானம் அவசரத்தில் எடுக்கப்பட்டது அல்ல. தனியாக யோசித்தும், என் மனைவி விசாலாக்ஷியைக் கலந்தும், அவள் ஆட்சேபம் தெரிவித்த பிறகு மறுபடி யோசித்தும் எடுக்கப்பட்டது. அதுவரை நான் போட்டிருந்தது வெள்ளைத் தோர்த்து. அது மெல்லிய நெசவு. மழையில் நனைந்தால் கையோடு ஒட்டிக்கொள்ளும். எங்கள் தொழிலில் அது கூடாது. காரணத்தைச் சொல்கிறேன்.

எங்கள் கடைவீதியில் மிளகு விலையை நாங்கள் வாயால் பேசுவதில்லை. விற்பவர் தரப்புத் தரகரும் வாங்குபவர் தரப்புத் தரகரும் எதிரெதிரே நின்று, வலது கைகளைக் கோத்து, மேலே ஒரு துண்டைப் போட்டுக்கொள்வோம். அன்றைய சந்தை விலை இருவருக்கும் தெரியும். அதற்கு மேல் எவ்வளவு என்பதுதான் பேச்சு. ஒரு விரலைப் பிடித்தால் ஒரு ரூபாய், விரலின் நடுக்கணுவை அழுத்தினால் அரை ரூபாய், உள்ளங்கையைத் தட்டினால் வியாபாரம் முடிந்தது. அந்நேரம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை. பெரும்பாலும் ஒருவர் காயலில் போகும் வள்ளத்தைப் பார்ப்பார், மற்றவர் தெருவில் நிற்கும் ஆட்டைப் பார்ப்பார்.

ஜூன் மாதத்து மழையில், நனைந்த என் தோர்த்துக்கு அடியில் நான் பிடித்த விரல்களை, சாயாக்கடையில் நின்றிருந்த சங்கிலிப்பாண்டி என்கிற தரகர் எண்ணிவிட்டார். அவர் எண்ணிவிட்டார் என்பதை மறுநாள் சந்தை விலையிலிருந்து தெரிந்துகொண்டேன். ஆகவே கெட்டித் துண்டு வாங்கச் சென்றேன். கெட்டியாகவும் அகலமாகவும் கடையில் இருந்தது சிவப்பு ஒன்றுதான். விசாலாக்ஷி அதைப் பார்த்து, "இதைத் தோள்ல போட்டுண்டு போனேள்னா, எந்த ஊர்வலத்துக்குன்னு கேப்பா" என்றாள். எமர்ஜென்சியில் ஊர்வலங்கள் தடைசெய்யப்பட்டிருப்பதால் அப்படி யாரும் கேட்க வழியில்லை என்று அவளுக்கு விளக்கினேன்.

அதன் பிறகு ஜூலை 13, செவ்வாய்க்கிழமை காலை, மழை விட்டிருந்த நேரத்தில், கடைவீதியில் ஒரு கிடங்கு வாசலில் இரண்டாம் எதிரி மொய்து ராவுத்தரைச் சந்தித்தேன். அவர் ஏற்றுமதிக் கம்பெனிகளுக்காக வாங்கும் தரகர். பூர்வீகம் பாலக்காடு, எங்களைப் போலவே வீட்டில் தமிழ் பேசும் குடும்பம். என் வாலிபத்திலிருந்து அவர் எனக்கு எதிர்த் தரப்பு. அவர் முகத்தைவிட அவர் கை எனக்கு நன்றாகத் தெரியும். அவருடைய சுண்டுவிரலில் பழைய முறிவு ஒன்று உண்டு. ஆகையால் அந்த விரலில் அரை ரூபாய் கேட்பவர்களுக்கு அவர் அரை ரூபாய் கொடுப்பதில்லை. அன்று நான் மலைநாட்டு வியாபாரி ஒருவருக்காகவும், அவர் வெலிங்டன் தீவில் கிடங்கு வைத்திருக்கும் கம்பெனி ஒன்றுக்காகவும் கை கோத்தோம். மேலே புதுத் துண்டைப் போட்டேன். துண்டு நல்ல துண்டு என்று ராவுத்தர் சொன்னார். அவர் ஒன்றைப் பாராட்டினால் விலையைக் குறைக்கப் போகிறார் என்று அர்த்தம். ஆகவே நான் இறங்காமல் அதே விரல்களை மறுபடி பிடித்தேன்.

எங்களுக்குள் ஒன்றரை விரல் வித்தியாசம் இருந்தபோது போலீஸ் ஜீப் வந்து நின்றது. அந்த ஸ்டேஷனுக்கு வந்து ஒரு வாரமே ஆன சப் இன்ஸ்பெக்டர் இறங்கினார். பதுக்கல்காரர்களைப் பிடிக்க வேண்டும் என்று அவருக்கு மேலிட உத்தரவு இருந்ததாகவும், அந்த ஒரு வாரத்தில் ஒருவரும் கிடைக்கவில்லை என்றும் பிற்பாடு அறிந்தேன். அவர் துண்டைத் தூக்கிப் பார்த்தார். உள்ளே எங்கள் இருவருடைய கைகளைத் தவிர வேறொன்றும் இல்லை. இது அவருக்குத் திருப்தி அளிக்கவில்லை. என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று மலையாளத்தில் கேட்டார். சும்மா பேசிக்கொண்டிருந்தோம் என்று ராவுத்தர் சொன்னார். தாம் தெருமுனையிலிருந்து வெகுநேரமாகப் பார்ப்பதாகவும், இருவரில் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை என்றும் சப் இன்ஸ்பெக்டர் சொன்னார். அதற்கு ராவுத்தர், "ஆமா சார், அப்படித்தான் பேசுறது" என்றார். அதன் பிறகு எங்கள் இருவரையும் ஜீப்பில் ஏற்றினார்கள். துண்டையும் எடுத்துக்கொண்டார்கள்.

ஸ்டேஷனில் எங்களைத் தனித்தனி அறையில் உட்கார வைத்தார்கள். எனக்கு ரைட்டரின் அறை, ராவுத்தருக்கு அடுத்த அறை. நடுவில் ஒரு நடை. சப் இன்ஸ்பெக்டர் என்னிடம் வந்து, துண்டுக்குள் என்ன சங்கேதம் பரிமாறினீர்கள் என்று கேட்டார். சங்கேதம் அல்ல, விலை என்றேன். என்ன விலை என்றார். வியாபாரம் முடியாத விலையை வாயால் சொல்ல எங்கள் வழக்கத்தில் இடமில்லை என்றும், அப்படிச் சொன்னால் அடுத்த அறையில் இருக்கும் எதிர்த் தரப்பு அதைப் பிடித்துக்கொள்ளும் என்றும் உள்ளதைச் சொன்னேன். இது வியாபார வழக்கம்தான் என்று ஹெட் கான்ஸ்டபிள் பைலியும் சொன்னார். பைலி வைப்பின் தீவுக்காரர், அவருடைய மச்சினர் எங்கள் கடைவீதியில் மூட்டை தூக்குபவர்.

அதன் பிறகு சப் இன்ஸ்பெக்டர் சற்று யோசித்து, சங்கேதத்தை நேரடியாகவே தெரிந்துகொள்வது என்று முடிவு செய்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு, தம் வலது கையை நீட்டி, அந்த ஆளின் கையில் செய்ததை அப்படியே இதில் செய்து காட்டு என்றார். துண்டு இல்லாமல் முடியாது என்றேன். தொண்டிப் பொருளாக, அதாவது வழக்குச் சான்றாக, மேஜை மேல் கிடந்த சிவப்புத் துண்டைப் பைலி எடுத்து வந்து எங்கள் கைகளின் மேல் போட்டார். நான் கடைசியாகக் கேட்டிருந்த விலையைப் பிடித்தேன். அவர் அந்தப் பிடியை மனத்தில் வைத்துக்கொண்டு, துண்டோடு நடையைக் கடந்து, ராவுத்தரிடம் போய், அவர் விரல்களை அதே மாதிரி பிடித்து, இதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டிருக்கிறார். ராவுத்தர் அர்த்தம் சொல்லவில்லை. கையில் விலை வந்தால் பதில் விலை கொடுப்பது அவர் சுபாவம். கொடுத்தார். சப் இன்ஸ்பெக்டர் திரும்பி வந்து, அந்த ஆள் இப்படிச் செய்கிறான் என்று என் விரல்களைப் பிடித்துக் காட்டினார். ராவுத்தர் அரை விரல் ஏறி வந்திருந்தார்.

இந்த இடத்தில் நான் நிறுத்தியிருக்க வேண்டும் என்று எங்கள் வக்கீல் கல்யாணராமன் சொல்கிறார். எதிர்த் தரப்பு அரை விரல் ஏறி வந்தால் நிறுத்துகிற தரகரை நான் இதுவரை பார்த்ததில்லை. நானும் அரை விரல் இறங்கினேன். சப் இன்ஸ்பெக்டர் அதை எடுத்துக்கொண்டு போனார். அதன் பிறகு வந்தார். அதன் பிறகு போனார். எத்தனை தடவை என்று எண்ணவில்லை. அவருடைய கை நல்ல கை. ஒரு பிடி கூட வழியில் மாறவில்லை. பைலி மட்டும் என் பக்கம் குனிந்து மெல்லிய குரலில், "சாமீ, ஸாருக்கு முட்டுவேதனை உண்டு, நடக்க முடியல. ஒரு விலையில நில்லுங்க" என்றார். ராவுத்தர்தான் நிற்கவில்லை என்று அவருக்குப் பதில் சொன்னேன்.

கடைசியில் சப் இன்ஸ்பெக்டர் வந்து, இந்தத் தடவை அந்த ஆள் விரலைத் தொடவே இல்லை, இப்படிச் செய்தான் என்று என் உள்ளங்கையை ஒரு தட்டுத் தட்டினார். நான் எழுந்து நின்று, வியாபாரம் முடிந்தது, இனி விலையைச் சொல்லலாம் என்றேன். எங்கள் இருவரையும் தனித்தனித் துண்டுக் காகிதத்தில் விலையை எழுதச் சொன்னார்கள். இரண்டும் ஒன்றாக இருந்தன. சப் இன்ஸ்பெக்டர் இரண்டு காகிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நெடுநேரம் பார்த்தார். அதன் பிறகு அவருக்கு விஷயம் புரிந்தது. சிரித்தார் என்று சொல்லமாட்டேன். ஆனால் எங்களுக்கும் சேர்த்துச் சாயா வாங்கி வரச் சொன்னார். சொந்த ஜாமீனில் எங்களை அனுப்பிவிடலாம் என்று ரைட்டரிடம் சொன்னதை நான் என் காதால் கேட்டேன்.

அதன் பிறகு நடந்ததற்கு நான் பொறுப்பு. எங்கள் கடைவீதியில் இன்னொரு வழக்கம் உண்டு. துண்டுக்கு அடியில் இரண்டு கைகளுக்கு நடுவே மூன்றாவது ஒரு கை வந்து வியாபாரத்தை முடித்துக் கொடுத்தால், அந்தக் கைக்கும் தரகு உண்டு. இரு தரப்பும் பாதிப் பாதி கொடுக்க வேண்டும். கொடுக்காத தரகனோடு அப்புறம் யாரும் கை கோக்க மாட்டார்கள். அன்று அந்த வியாபாரத்தை முடித்துக் கொடுத்த கை சப் இன்ஸ்பெக்டருடையது. அதில் இரண்டு அபிப்பிராயம் இருக்க முடியாது. சாயாவைக் குடித்து முடித்து, கண்ணாடி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, நான் அவரிடம், "ஸார், இதுல உங்களுக்கும் ஒரு பங்கு உண்டு" என்றேன். அடுத்த அறையிலிருந்து ராவுத்தர், "என் பக்கத்துப் பங்கையும் சேத்துச் சொல்லுங்க சாமி" என்றார்.

பைலி பெஞ்சின் மேல் வைத்திருந்த தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டார். சப் இன்ஸ்பெக்டர் நான் சொன்னதை மறுபடி சொல்லச் சொன்னார். சரியாகக் கேட்கவில்லை போலும் என்று எண்ணி, தெளிவாகவும் சற்று உரக்கவும் மறுபடி சொன்னேன். ரைட்டர் எழுதிக்கொண்டார்.

அதன் பிறகு எங்கள் மேல் அரசு ஊழியருக்கு லஞ்சம் கொடுக்க முயன்றதாகவும், பதுக்கலுக்குச் சதி செய்ததாகவும் வழக்குப் பதிவானது. சதிக்குச் சான்றாக, தனித்தனி அறைகளில் அடைக்கப்பட்டு ஒருவரோடொருவர் பேச வழியில்லாமல் இருந்த இரு எதிரிகளும் ஒரே எண்ணை எழுதியது காட்டப்பட்டிருக்கிறது. அவர்களுக்கு நடுவில் நடந்து போனவர் யார் என்பது அறிக்கையில் இல்லை. துண்டின் நிறம் கவனிக்கத்தக்கது என்று ஒரு வரி இருக்கிறது. மறுநாள் புதன்கிழமை எங்களைக் கோர்ட்டில் ஆஜர்படுத்தி, ரிமாண்டில் சப் ஜெயிலுக்கு அனுப்பினார்கள். அதே புதன்கிழமை, பேசி முடித்த விலையில், மலைநாட்டு வியாபாரியின் சரக்கு வெலிங்டன் தீவுக் கம்பெனிக்குப் போய்ச் சேர்ந்தது. போலீஸ் ஸ்டேஷனில் முடிந்த வியாபாரம் செல்லாது என்று இரு தரப்பிலும் ஒருவரும் சொல்லவில்லை.

கேட்டதற்குச் சொல்வது: இப்படியொரு வழக்கம் உண்டு என்று சாட்சி சொல்லக் கடைவீதியிலிருந்து யாராவது வருவார்களா என்று வக்கீல் விசாரித்தார். ஒருவரும் வரவில்லை. இந்த மாதம் கிடங்குகளில் சோதனை நடந்துகொண்டிருக்கிறது. சங்கிலிப்பாண்டி, விரலால் விலை பேசுவது என்று ஒன்று இருப்பதாகவே தமக்குத் தெரியாது என்று போலீஸில் எழுதிக் கொடுத்திருக்கிறார். அதை எழுதிய அன்று காலையிலும் அவர் தோளில் துண்டு இருந்ததாக என் மனைவி சொன்னாள். அது அவர் வழக்கமாகப் போடும் துண்டாக இருக்கலாம்.

கேட்டதற்குச் சொல்வது: சப் ஜெயிலில் எங்களுக்கு அடியோ தொந்தரவோ இல்லை. நாங்கள் இருக்கும் அறை சிறியது. அதில் ஆட்கள் அதிகம். மொய்து ராவுத்தர் உட்காருவதில்லை. சுவரிலிருந்து கம்பிக் கதவுக்கும் கதவிலிருந்து சுவருக்கும் நடக்கிறார். அவர் வரும்போது மற்றவர்கள் காலை மடக்கிக்கொள்ள வேண்டும், போன பிறகு நீட்டிக்கொள்ளலாம். ஃபோர்ட் கொச்சியில் பாக்கெட் அடித்ததாகப் பிடிபட்ட ஒருவர் முதல் நாள் அவரைத் திட்டினார். இரண்டாம் நாளிலிருந்து, அவர் வருவதைப் பார்க்காமலேயே காலை மடக்கக் கற்றுக்கொண்டார். நானும் உட்கார்ந்துதான் இருக்கிறேன் என்றாலும், என் வலது கை இடது கையின் விரல்களைப் பிடித்துக்கொண்டே இருக்கிறது. என்ன விலை கேட்கிறது என்று எனக்கே தெரியவில்லை.

ராவுத்தர் நடப்பதற்குக் காரணம் உண்டு. நாளை வியாழக்கிழமை அவருடைய ஒரே மகள் ஜுமைலாவின் நிக்காஹ். மாப்பிள்ளை துபாயில் வேலை பார்ப்பவர். விடுமுறை முடிந்து, வெள்ளிக்கிழமை காலை பம்பாய் ரயிலில் ஏறியாக வேண்டும். அங்கிருந்து விமானம். அதைத் தவறவிட்டால் அந்த வேலையில் வேறொருவரை வைத்துவிடுவார்கள். ஆகவே நாளைத் தள்ளிப்போட வழியில்லை. ராவுத்தரின் தம்பி முனீர் திங்கட்கிழமை ஜெயிலுக்கு வந்து, பந்தல் போட்டாகிவிட்டது என்றும், ஆட்டை ஓட்டி வந்து கட்டியாகிவிட்டது என்றும் கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று சொல்லிவிட்டுப் போனார். நிக்காஹ் சமயத்தில் பெண்ணின் தகப்பனார் மாப்பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு வாசகம் சொல்ல வேண்டும் என்பது அவர்கள் வீட்டு வழக்கம். தகப்பனார் இல்லாவிட்டால் அவர் அனுமதியோடு சிற்றப்பா பிடிக்கலாமே என்று நான் கேட்டேன். ராவுத்தர் நடப்பதை நிறுத்தி, "பிடிக்கலாம் சாமி. தடையில்ல. ஆனா அது முனீர் கை" என்றார். அதன் பிறகு மறுபடி நடந்தார்.

இன்று எங்கள் இருவருடைய ஜாமீன் மனுவும் விசாரணைக்கு வந்தது. இரண்டு எதிரிகளும் ஒரே குற்றத்தில் ஒரே அளவு பங்குடையவர்கள், ஆகவே ஒருவரையும் விடக்கூடாது என்று அரசு வக்கீல் ஆட்சேபித்தார். பங்குப் பேச்சைத் தொடங்கியது யார் என்பதை முதல் எதிரி வாக்குமூலமாகச் சொன்னால், அதைப் பார்த்து இரண்டாம் எதிரியின் மனுவில் உத்தரவு போடலாம் என்று கோர்ட் தெரிவித்தது. அதன் பிறகு வக்கீல் கல்யாணராமன் என்னை வராந்தாவுக்கு அழைத்து, "மாமா, ராவுத்தர் வாயே தெறக்கலைன்னு ஒரே ஒரு வரி சொல்லிடுங்கோ. போறும்" என்றார். அப்படிச் சொல்ல நான் தயாராகத்தான் இருந்தேன். விலங்கோடு அருகில் நின்றிருந்த ராவுத்தர் கேட்டுவிட்டார். பங்கு தருவதாகச் சொல்லிவிட்டு இல்லை என்றால் இனி தன் கைக்கு என்ன மதிப்பு என்று கேட்டார். மகள் நிக்காஹ் நாளைக்கு என்று அவருக்கு நான் ஞாபகப்படுத்தினேன். அது தனக்குத் தெரியும் என்றார். வக்கீல் எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு, கேஸ் கட்டுகளைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு உள்ளே போனார்.

ஆகவே உள்ளபடியே சொல்கிறேன். மொய்து ராவுத்தர் அந்த வார்த்தையைச் சொன்னார். ஆனால் அது என் வார்த்தைக்கு வந்த பதில். நான் ஒன்றைச் சொன்னால் அவர் அதற்குப் பதில் கொடுப்பார். எங்கள் இருவருக்கும் நடுவில் இத்தனை வருடமாக நடந்தது அது ஒன்றுதான். நான் சாயாவைக் குடித்துவிட்டுப் பேசாமல் எழுந்திருந்தால் அவரும் பேசாமல் எழுந்திருப்பார். பேச்சைத் தொடங்கியது நான். துண்டும் என்னுடையது. பங்கு உண்டு என்று இரண்டு தடவை சொன்னதும் நான். அவர் ஒரு தடவைதான் சொன்னார்.

என்னுடைய ஜாமீன் மனுவை நான் இப்போது வற்புறுத்தவில்லை. விசாரணை முடியும் வரை உள்ளே இருக்கச் சம்மதம். என் மனைவிக்குத் தகவல் அனுப்பியிருக்கிறேன். மொய்து ராவுத்தரை இன்று மாலை விட்டால் அவர் ராத்திரி வீட்டில் இருப்பார். நாளைக் காலை விட்டாலும் போதும். நிக்காஹ் பகல் தொழுகைக்குப் பிறகுதான், சப் ஜெயிலிலிருந்து அவர் வீடு நடக்கிற தூரம். அவர் எங்கும் ஓடிப்போக மாட்டார். இந்தக் கோர்ட் எந்தத் தேதியில் கூப்பிட்டாலும் வருவார். விலையைத் தவிர வேறு எதிலும் அவர் பின்வாங்கி நான் பார்த்ததில்லை.

மேலே எழுதியிருப்பவை என் கண் பார்த்ததும் என் கை அறிந்ததும் மட்டுமே. மெதுவாக வாசித்துக் காட்டச் சொல்லிக் கேட்டேன். கூட்டவோ குறைக்கவோ ஏதுமில்லை. என் அறிவுக்கு எட்டியவரை எல்லாம் நிஜம்.

(ஒப்பம்) அ. வெங்கிடேஸ்வரன்
என் முன்பாகப் பதிவு செய்யப்பட்டது.
(ஒப்பம்) மாஜிஸ்திரேட்

அலுவலகக் குறிப்பு: மேற்கண்ட வாக்குமூலம் தமிழில் இருப்பதால், இரண்டாம் எதிரியின் ஜாமீன் மனு மீது உத்தரவு பிறப்பிப்பதற்கு முன், மலையாள மொழிபெயர்ப்புக்காக 21-7-76 மாலை அனுப்பப்பட்டது. மொழிபெயர்ப்பு 23-7-76 வெள்ளிக்கிழமை பிற்பகல் கிடைத்தது. இரண்டாம் எதிரி மொய்து ராவுத்தர் அன்று மாலை ஐந்து மணிக்கு ஜாமீனில் விடுவிக்கப்பட்டார்.